நாட்காட்டியில் படிந்த கறை: இந்தியத் தடய அறிவியலின் முன்கதை

1897ஆம் ஆண்டு. வங்காளத்தின் வடகோடியிலுள்ள ஜல்பாய்குரி மாவட்டத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேலாளர் கழுத்தறுபட்டுப் படுக்கையில் இறந்து கிடந்தார். பணப்பெட்டி திறந்து கிடந்தது; சில நூறு ரூபாய் காணாமற்போயிருந்தது. ஐயத்திற்கு ஆட்களுக்குக் குறைவில்லை. தோட்டக் கூலிகள், அப்பக்கம் சுற்றித் திரிந்த காபூலியர் கூட்டம், மேலாளர் கொடுத்த புகாரால் முன்பு சிறை சென்று வந்த பழைய வேலைக்காரன் எனப் பட்டியல் நீண்டது. அதில் முதன்மையானவர் சமையற்காரர். அவருடைய உடையில் இரத்தக்கறை இருந்தது. இரவுச் சமையலுக்காகப் புறாவை அறுத்தபோது பட்டது என்றார் அவர்.

இதே நிகழ்ச்சி ஐம்பது ஆண்டுகளுக்கு முன் நடந்திருந்தால் அந்தச் சமையற்காரரின் கதி என்னவாகியிருக்கும் என்று ஊகிப்பது கடினமன்று. ஆனால் இப்போது இரண்டு புதிய சாட்சிகள் வந்திருந்தன. ஒன்று, இரசாயனப் பரிசோதகரின் அறிக்கை. பறவைகளின் சிவப்பணு நீள்வட்டமானது, உட்கரு உடையது. பாலூட்டிகளின் சிவப்பணு வட்டமானது, உட்கரு அற்றது. நுண்ணோக்கியில் இவ்விரண்டையும் பிரித்தறிய அந்நாளிலேயே முடிந்தது. சமையற்காரர் சொன்னது உண்மை என்று ஆய்வு தெரிவித்தது.

மற்றொன்று, பெட்டிக்குள் கிடந்த, வங்க எழுத்தில் அச்சான ஒரு நாட்காட்டிப் புத்தகம். அதன் உறையில் பழுப்பு நிறத்தில் மங்கலான இரண்டு கறைகள் இருந்தன. அவற்றுள் ஒன்றை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தபோது வலக்கைப் பெருவிரலின் ரேகை தெரிந்தது. கல்கத்தாவில் அவ்வாண்டுதான் தொடங்கப்பட்டிருந்த விரல்ரேகைப் பதிவகத்தில் அது பழைய வேலைக்காரனின் ரேகையோடு பொருந்தியது. கறை பாலூட்டியின் இரத்தம் என்று இரசாயனப் பரிசோதகர் உறுதிசெய்தார். மனித இரத்தமா என்று சொல்ல அவரிடம் அப்போது வழியில்லை.

1898இல் தீர்ப்பு வந்தது. திருட்டுக்குத் தண்டனை, கொலைக்கு விடுதலை. அவன் அந்தப் பெட்டியைத் தொட்டான் என்பதை ரேகை காட்டுகிறது. அவன் கொன்றதைப் பார்த்தவர் எவருமில்லை, ஆகவே கொலைக் குற்றத்தை அவன்மேல் சுமத்துவது பாதுகாப்பானதன்று என்று நீதிமன்றம் கருதியது.

தடய அறிவியலின் வரலாற்றில் இவ்வழக்கு பெரும்பாலும் ஒரு வெற்றிக்கதையாகவே நினைவுகூரப்படுகிறது. எனக்கு இதில் மூன்று பாடங்கள் தென்படுகின்றன. அறிவியல் ஒருவரைச் சிக்கவைத்தது, ஒருவரைக் காப்பாற்றியது, தனக்குத் தெரியாத இடத்தில் நின்றுகொண்டது. இம்மூன்றும் சேர்ந்ததுதான் தடய அறிவியல் என்பதைச் சொல்லவே இந்தப் பதிவு. சற்று நீளமானது, பொறுத்தருள்க.

உடல் பேசவைக்கப்பட்ட காலம்

தடய அறிவியல் இந்தியாவில் ஏன் அவ்வளவு முன்னதாகவே வேர்கொண்டது என்பதை அறிய, அதற்கு முன் எது சான்றாக இருந்தது என்பதைப் பார்க்க வேண்டும். குற்ற ஒப்புதல்தான் சான்றாக இருந்தது. அது பெறப்பட்ட விதத்தைச் சென்னை மாகாணத்தின் சித்திரவதை விசாரணை ஆணையம் 1855ஆம் ஆண்டு அறிக்கையில் பதிவுசெய்திருக்கிறது. வரி தண்டுவோரும் காவலரும் மக்கள்மீது நடத்திய வன்முறைகளை அது விரிவாக எடுத்துரைத்தது. விரல்களை நெரிக்கும் மரக்கருவியான கிட்டி, உடலை வளைத்துக் கட்டிவைக்கும் அண்ணாந்தாள் ஆகிய தமிழ்ச் சொற்கள் ஆங்கில எழுத்தில் அந்த அறிக்கையில் ஏறின. நம் மொழியின் சொற்கள் ஏகாதிபத்திய ஆவணங்களுக்குள் நுழைந்த வழிகளுள் இதுவும் ஒன்று என்பது மகிழத்தக்க செய்தியன்று.

இந்த அறிக்கையின் நிழல் சட்டத்தில் விழுந்தது. காவலரிடம் அளிக்கப்படும் குற்ற ஒப்புதல் நீதிமன்றத்தில் செல்லாது என்ற விதி 1861ஆம் ஆண்டின் குற்ற விசாரணைமுறைச் சட்டத்தில் இடம்பெற்றது. பின்னர் 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் 25ஆம் பிரிவாக நிலைபெற்றது. ஆனால் 27ஆம் பிரிவு ஒரு சிறு கதவைத் திறந்தே வைத்தது. ஒப்புதலின் விளைவாக ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அதனோடு தொடர்புடைய பகுதி மட்டும் செல்லும். ‘எதிரி காட்டிக்கொடுத்ததன் பேரில் கைப்பற்றினோம்’ என்ற வாக்கியம் இன்றும் நம் வழக்குக் கட்டுகளில் தவறாமல் வருவதற்குக் காரணம் இதுவே.

வாய்மொழி ஐயத்திற்குள்ளானதும் பொருள்களின் மொழி தேவைப்பட்டது. இதற்குள் இன்னொரு கசப்பும் உண்டு. 1856இல் நார்மன் செவர்ஸ் வங்காளத்திற்காக எழுதிய சட்ட மருத்துவக் கையேடு தொடங்கி, அக்காலத்து நூல்கள் பலவற்றில் இந்தியர்கள் பொய் சொல்பவர்கள், அவர்களுடைய சாட்சியத்தை நம்ப முடியாது என்ற எண்ணம் ஊடாடுகிறது. ஆக, தடய அறிவியலுக்கு இங்கே இரண்டு தாய்கள். ஒருத்தி, காவலரின் கிட்டியிலிருந்து குடிமக்களைக் காக்க நினைத்த மனச்சான்று. மற்றவள், அக்குடிமக்களின் சொல்லையே நம்பாத ஆட்சி.

வேதியியல்: கோப்பையில் இருந்தது என்ன?

முதலில் வந்தது வேதியியல். 1849இல் சென்னையில் இரசாயனப் பரிசோதகரின் ஆய்வுக்கூடம் அமைந்தது. கல்கத்தா, ஆக்ரா, பம்பாய் ஆகியவை பின்தொடர்ந்தன. அவற்றின் முதன்மையான பகை பாஷாணம். வெள்ளைப் பாஷாணம் எனும் ஆர்செனிக் கடைகளில் எளிதாகக் கிடைத்தது. உணவில் கலந்தால் சுவை காட்டாது. அதை உண்டவருக்கு வாந்தியும் பேதியும் கண்டு, பார்ப்பவருக்கு அது காலரா போலவே தோன்றும். காலரா ஆண்டுதோறும் வந்துபோன நாட்டில் இதைவிடப் பாதுகாப்பான மறைவிடம் கொலைகாரனுக்கு ஏது?

1836இல் ஜேம்ஸ் மார்ஷ் வெளியிட்ட சோதனை இந்த மறைவிடத்தைக் கலைத்தது. ஐயத்திற்குரிய பொருளைத் துத்தநாகத்தோடும் அமிலத்தோடும் சேர்த்தால், ஆர்செனிக் இருக்குமாயின் வாயுவாக வெளியேறும். அவ்வாயுவைச் சூடான கண்ணாடிக்குழாயில் செலுத்தினால் கருமையாய்ப் பளபளக்கும் ஒரு படலம் படியும். வழிப்போக்கர்களை மயக்கிக் கொள்ளையடிக்கப் பயன்பட்ட ஊமத்தைக்கு இத்தகைய எளிய வேதிச்சோதனை போதவில்லை. உள்ளுறுப்பிலிருந்து பிரித்தெடுத்த சாற்றை ஒரு பூனையின் கண்ணில் விட்டு, பாப்பா விரிகிறதா என்று பார்த்தார்கள். வேதியியல் முடியும் இடத்தில் உடலியங்கியல் கைகொடுத்தது.

இந்த அறிவியலின் வலிமையையும் எல்லையையும் ஒருங்கே காட்டியது பரோடா வழக்கு. 1874 நவம்பரில் பரோடாவின் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் கர்னல் ஃபேர், தமக்கு வைக்கப்பட்ட பழச்சாற்றில் சிறிது பருகி, ஐயுற்று மீதியைக் கொட்டிவிட்டார். கோப்பையின் அடியில் தங்கியிருந்ததை ஆராய்ந்ததில் ஆர்செனிக்கும் வைரப்பொடியும் இருப்பதாக மருத்துவர்கள் கூறினர். மன்னர் மல்ஹார் ராவ் கெய்க்வாட் குற்றம் சாட்டப்பட்டார். மூன்று ஆங்கிலேயரும் மூன்று இந்தியரும் கொண்ட ஆணையம் 1875இல் விசாரித்தது. கோப்பையில் நஞ்சு இருந்ததென்பதை வேதியியல் சொல்லிவிட்டது. அதை வைக்கச் சொன்னவர் யார் என்பதற்கோ வேலையாட்களின் வாக்குமூலங்களே ஆதாரம். ஆணையம் சரிபாதியாகப் பிளந்தது. ஆங்கிலேயர் மூவரும் குற்றம் மெய்ப்பிக்கப்பட்டதென்றனர். குவாலியர், ஜெய்ப்பூர் மன்னர்களும் சர் தினகர் ராவும் அதை ஏற்கவில்லை. ஆயினும் அரசு தவறான ஆட்சி என்ற வேறொரு காரணத்தைக் காட்டி மன்னரைப் பதவியிலிருந்து நீக்கிச் சென்னைக்கு அனுப்பியது. 1882இல் அவர் சென்னையிலேயே இறந்தார்.

ஒரே ஆய்வறிக்கையை ஆறு பேர் கேட்டனர். மூவர் மூவராகப் பிரிந்தனர். அறிக்கையில் குறையில்லை, அது பதில் சொல்லாத கேள்வியை அதனிடம் கேட்டதுதான் குறை.

கணிதம்: 1024 அறைகள்

விரல்ரேகையின் கதை 1858 ஜூலையில் ஹூக்ளி ஆற்றங்கரையிலுள்ள ஜங்கிப்பூரில் தொடங்குகிறது. அங்கு நிர்வாகியாக இருந்த வில்லியம் ஜேம்ஸ் ஹெர்ஷல், யுரேனஸ் கோளைக் கண்டறிந்த வானியலாளரின் பேரன். சாலைபோடக் கல் தருவதாக ஒப்பந்தம் செய்த ராஜ்யதர் கோனாய் என்பவரின் முழு உள்ளங்கையையும் மையில் தோய்த்து ஒப்பந்தத்தின் பின்புறம் பதிக்கச் செய்தார். பின்னாளில் பேச்சை மாற்றிவிடாதிருக்க ஒரு மிரட்டலாகத்தான் அதைச் செய்தார். ஆண்டுக்கணக்கில் ரேகைகளைச் சேர்த்துப் பார்த்தபின்னரே அவை மாறுவதில்லை என்பது அவருக்குப் புலப்பட்டது. 1877இல் ஹூக்ளி மாவட்ட நீதிபதியாக இருந்தபோது ஓய்வூதியம், பத்திரப்பதிவு, சிறை ஆகியவற்றில் அதைப் பயன்படுத்தினார்.

இருவரின் ரேகை ஒன்றாவதில்லை என்று அறிந்தால் மட்டும் போதாது. பல்லாயிரம் தாள்கள் குவிந்துகிடக்கையில் வேண்டிய ஒன்றை எப்படித் தேடி எடுப்பது? பயனுள்ள சான்றாக ரேகையை மாற்றியது இந்தக் கேள்விக்குக் கிடைத்த விடைதான். அந்த விடையைக் கண்டவர்கள் வங்காளக் காவல்துறையில் எட்வர்ட் ஹென்றியின்கீழ் பணியாற்றிய காஜி அஜிஜுல் ஹக், ஹேம் சந்திர போஸ் ஆகிய இரு துணை ஆய்வாளர்கள். ஹக் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் கணிதம் பயின்றவர்.

முறை வியக்கத்தக்க அளவுக்கு எளியது. பத்து விரல்களை ஐந்து இணைகளாக்குக. முதல் இணைக்கு 16, அடுத்ததற்கு 8, பின் 4, 2, 1 என மதிப்பிடுக. ஒரு விரலில் சுழல் வடிவம் இருந்தால் அந்த மதிப்பு சேரும். வளையமோ வில்லோ இருந்தால் சுழி. இணைகளின் ஒரு பக்க விரல்களின் கூட்டுத்தொகையோடு ஒன்று சேர்த்து மேலே எழுதுக. மறுபக்க விரல்களுக்கு அவ்வாறே செய்து கீழே எழுதுக. மேலே 1 முதல் 32 வரை, கீழே 1 முதல் 32 வரை; ஆக 32 × 32 = 1024 அறைகள். எந்த மனிதனின் பத்து விரலும் இவற்றுள் ஏதேனும் ஓர் அறையில் போய்விழும்.

மொழியியல் பயின்ற எனக்கு இதைப் படித்தபோது ஒலியனியல் வகுப்புதான் நினைவுக்கு வந்தது. உலக மொழிகளின் ஒலிகளை ‘உண்டு / இல்லை’ என்ற கூறுகளால் பகுப்பதை இருபதாம் நூற்றாண்டு மொழியியல் தன் பெரும் சாதனையாகக் கருதுகிறது. அதே ‘உண்டு / இல்லை’ தருக்கத்தை, கணிப்பொறிக்கு முன்பே, கல்கத்தாவின் ஓர் அலுவலக அறையில் துணை ஆய்வாளர் ஒருவர் மனித விரல்களில் நடைமுறைப்படுத்தியிருந்தார்.

1897 ஜூனில் அரசு இம்முறையை ஏற்றது. உலகின் முதல் விரல்ரேகைப் பதிவகம் கல்கத்தாவில் தோன்றியது. 1899இல் சாட்சியச் சட்டத்தின் 45ஆம் பிரிவில், கையெழுத்தை அடையாளம் காண்போரோடு விரல்ரேகை வல்லுநரின் கருத்தும் ஏற்கத்தக்கதென்று சேர்க்கப்பட்டது. 1901இல் ஹென்றி இம்முறையோடு ஸ்காட்லாந்து யார்டு சென்றார். உலகம் அதை ‘ஹென்றி முறை’ என்றே அழைத்தது. ஹக்குக்குக் கான் பகதூர் பட்டமும், போஸுக்கு ராய் பகதூர் பட்டமும், இருவருக்கும் தலா 5,000 ரூபாயும் பிற்காலத்தில் கிடைத்தன. பெயர் மட்டும் கிடைக்கவில்லை. ஒவ்வொரு மனிதனின் அடையாளமும் தனித்தது என்று நிறுவிய முறையில், அதை ஆக்கியவர்களின் அடையாளம் அழிந்துபோனது.

குருதியும் கிருமியும்

ஜல்பாய்குரியில் இரசாயனப் பரிசோதகர் நின்ற இடத்திலிருந்து அடுத்த அடி 1901இல் வைக்கப்பட்டது. ஒவ்வொரு விலங்கின் குருதிப் புரதத்தையும் தனித்தனியே இனங்காணும் வீழ்படிவுச் சோதனையை ஜெர்மனியின் பால் உலன்ஹுத் வெளியிட்டார். ஆட்டின் இரத்தத்தைப் பூசிக்கொண்டு பொய்வழக்குத் தொடுப்பவனையும், மனித இரத்தத்தை ஆட்டிரத்தம் என்று சொல்பவனையும் இனிப் பிரித்தறியலாம். 1914இல் கல்கத்தாவில் இம்பீரியல் செராலஜிஸ்ட் அலுவலகம் இதற்கென்றே அமைந்தது.

நுண்ணுயிரியல் நீதிமன்றத்திற்கு வந்தது பாகூர் வழக்கில். 1933 நவம்பர் 26 அன்று ஹவுரா ரயில் நிலையத்தில், பாகூர் ஜமீன் குடும்பத்து இளைஞர் அமரேந்திர சந்திர பாண்டேவின் கையில், மோதிச் சென்ற ஒருவன் எதையோ குத்தினான். டிசம்பர் 4 அன்று அவர் இறந்தார். இறப்பதற்கு முன் எடுத்த குருதியை வளர்த்துப் பார்த்ததில் பிளேக் கிருமி தெரிந்தது. கல்கத்தாவிலோ அதற்கு முந்தைய சில ஆண்டுகளாகப் பிளேக் இல்லை. அக்கிருமி வேறோரிடத்திலிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்ற கொள்ளைநோயியலின் தருக்கம் விசாரணையைப் பம்பாயின் ஆய்வுக்கூடங்களை நோக்கித் திருப்பியது. சொத்துக்காக மாற்றாந்தாய்வழி அண்ணனும், கிருமியைத் தேடிப் பம்பாய் சென்ற மருத்துவர் ஒருவரும் செய்த சதி வெளிப்பட்டது. இருவருக்கும் மரண தண்டனை விதிக்கப்பட்டது. 1936இல் உயர்நீதிமன்றம் அதை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. ஊசி குத்தியவன் யாரென்பது மட்டும் கடைசிவரை தெரியவில்லை.

தமிழ் வாசகர் நன்கறிந்த 1952ஆம் ஆண்டின் ஆளவந்தார் வழக்கிலும் இதே கூட்டுழைப்புத்தான். ரயிலில் வந்த டிரங்குப் பெட்டியில் தலையற்ற உடல். ராயபுரம் கடற்கரையில் தலை. இரண்டும் ஒருவருடையவையே என்றது உடற்கூறியல். அந்த ஒருவர் யார் என்றது, அவர் முன்பு பணியாற்றிய இராணுவத்தின் ஆவணத்திலிருந்த விரல்ரேகை.

1980களின் இறுதியில் மரபியல் வந்தது. ஹைதராபாத் உயிரணு மூலக்கூறு உயிரியல் மையத்தின் லால்ஜி சிங் தொடக்கத்தில் குற்றவியலைத் தேடிப் போனவரல்லர். பாம்புகளின் பால்நிர்ணயக் குரோமோசோம்களை ஆராய்ந்தவர். பட்டைகள் கொண்ட விரியன் வகைப் பாம்பொன்றில் அவர் கண்ட, திரும்பத் திரும்ப வரும் மரபணுத் தொடர் மனிதரிலும் இருந்தது. ஆளுக்கு ஆள் வேறுபட்டது. அதைக் கொண்டு அமைத்த சோதனை, கேரளத்தின் தலச்சேரியில் ஒரு தந்தைமை வழக்கில் இந்திய நீதிமன்றத்தை முதன்முதலாக எட்டியது. பாம்பைப் பற்றிய ஆராய்ச்சிக்கு என்ன பயன் என்று கேட்போர்க்கு இதைவிட நல்ல விடை இல்லை.

மொழியியலும் ஒரு சாட்சி

இனி என் துறைக்கு வருகிறேன். இலண்டனில் திமோதி எவன்ஸ் என்ற, எழுத்தறிவு மிகக் குறைந்த இளைஞர் தம் குழந்தையைக் கொன்றதாகத் தீர்ப்பாகி 1950இல் தூக்கிலிடப்பட்டார். மூன்றாண்டுகளுக்குப் பின், அதே வீட்டில் வாழ்ந்த இன்னொருவன் தொடர் கொலைகாரன் என்று தெரிந்தது. 1966இல் எவன்ஸுக்கு இறந்தபின் மன்னிப்பு வழங்கப்பட்டது. 1968இல் மொழியியலாளர் யான் ஸ்வார்ட்விக், எவன்ஸ் காவலரிடம் அளித்ததாகச் சொல்லப்பட்ட வாக்குமூலங்களின் தொடரமைப்பை எண்ணிப் பார்த்தார். அவரைக் குற்றவாளியாக்கிய பகுதிகளின் இலக்கணம், மற்றப் பகுதிகளின் இலக்கணத்தோடு ஒத்துப்போகவில்லை. தடயவியல் மொழியியல் என்ற துறை இவ்வாறு பிறந்தது.

தமிழில் இதன் தேவை இன்னும் கூர்மையானது. பேச்சுத்தமிழில் சொன்னதை எழுத்துத்தமிழில் பதிவது நம் வழக்கம். ‘அவன் அங்க வந்தானாம்’ என்று ஒருவர் சொல்கிறார். ஏட்டில் ‘அவன் அங்கு வந்தான்’ என்று ஏறுகிறது. விடுபட்டது ‘ஆம்’ என்ற ஓர் இடைச்சொல். ஆனால் அது, ‘நான் பார்க்கவில்லை, பிறர் சொல்லக் கேட்டேன்’ என்று பேசுபவர் இட்ட முத்திரை. சட்டம் செவிவழிச் செய்தியைச் சான்றாக ஏற்பதில்லை. அந்த ஒற்றைச் சொல் உதிர்ந்ததும், கேட்டவர் கண்டவராகிவிடுகிறார். நுண்ணோக்கிக்கும் மார்ஷ் சோதனைக்கும் தப்பும் இந்தத் தடயம், மொழியறிந்தவர் கண்ணுக்கு மட்டுமே படும்.

குரலும் இப்போது சான்று. 2019இல் ரிதேஷ் சின்ஹா வழக்கில், குரல் மாதிரி அளிக்குமாறு குற்றவியல் நடுவர் ஆணையிடலாம் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. ஆயினும் எல்லா வாயிலும் திறக்கப்படவில்லை. 2010இல் செல்வி எதிர் கர்நாடக மாநிலம் வழக்கில், உண்மையறியும் மருந்து, பொய்யறியும் கருவி, மூளைவரைவுச் சோதனை ஆகியவற்றை ஒருவரின் இசைவின்றி நடத்துவது அரசியலமைப்பின் 20(3)ஆம் கூறுக்கு எதிரானது என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அறிவியலின் உடையில் வந்தாலும், ஒருவன் வாயிலிருந்து அவனுக்கெதிரான சொல்லைப் பிடுங்குவது பிடுங்குவதே. 1855இன் கிட்டிக்கும் 2010இன் ஊசிக்கும் இடையே நீதிமன்றம் கண்ட உறவு இதுதான் என்று நான் படிக்கிறேன்.

எஞ்சும் கேள்வி

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள புதிய சட்டங்கள், ஏழாண்டுகளோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் வல்லுநர் நிகழ்விடத்திற்குச் செல்வதைக் கட்டாயமாக்குகின்றன; மாநிலங்கள் இதை நடைமுறைப்படுத்த ஐந்தாண்டுக் காலம் தரப்பட்டுள்ளது. வரவேற்கத்தக்க மாற்றம். ஆனால் ஆய்வுக்கூடங்களும் ஆட்களும் பெருகுவது மட்டும் போதாது. ஓர் அறிக்கை எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று வாசிக்கத் தெரிந்த வழக்கறிஞர்களும் நீதிபதிகளும் வேண்டும்.

இலக்கணத்தில் ஒரு வாக்கியத்திற்கு எழுவாய், செயப்படுபொருள், பயனிலை உண்டு. பரோடாவின் வேதியியல் செயப்படுபொருளை மட்டும் அறிந்தது. ஜல்பாய்குரியின் ரேகை எழுவாயை அறிந்தது. பயனிலையாக ‘தொட்டான்’ என்பதையன்றிக் ‘கொன்றான்’ என்பதைத் தரவில்லை. எந்த ஓர் அறிவியலும் முழு வாக்கியத்தையும் தனியே எழுதிவிடுவதில்லை. எழுதிவிட்டதாக நாம் நினைத்துக்கொள்ளும்போதுதான் நிரபராதி ஒருவர் சிறைக்குப் போகிறார்.

நாட்காட்டியின் கறையை வரலாறு நினைவில் வைத்திருக்கிறது. நான் அந்தச் சமையற்காரரையே நினைத்துக்கொள்கிறேன். அவர் பெயர் நமக்குத் தெரியாது. அவர் சொன்ன சொல் மெய் என்று ஒரு நுண்ணோக்கி சாட்சி சொன்னது. அவர் வீடு திரும்பினார். தடய அறிவியலின் முதல் கடமை எது என்று எவரேனும் கேட்டால், குற்றவாளியைப் பிடிப்பதைச் சொல்லும் முன் நான் அவரைத்தான் சொல்வேன்.